அரைப்பேர் போடப்பட்ட கணினிகள்



கொஞ்சம் நீண்ட பதிவு. அதிபர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், முக்கியமாகக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற எங்கள் பழைய மாணவர்கள், நேரம் எடுத்து வாசியுங்கள்.

வருடக் கடைசியில் பாடசாலைகளில் பொருட்கள் எண்ணுவோம். மேசை, கதிரை, அலுமாரி என்று எண்ணிக்கொண்டே வந்து கணினி அறையின் மூலைக்கு வந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான் வரும்: "இது பழசு." இன்வென்டரிப் புத்தகத்தில் ஒரு கோடு விழும். அதோடு அந்தப் பெட்டியின் கதை முடிந்தது. மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு அடுத்த கணினி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, அந்தக் கோட்டைப் போடுவதற்கு முன் "நீ என்ன வகை? உன்னால் என்ன முடியும்?" என்று அந்தப் பெட்டியிடமே ஒரு தடவையாவது கேட்டோமா?

அப்படிக் கேட்பதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பெயர் யூநேம். "யுனிக்ஸ் நேம்" என்பதன் சுருக்கம். வயது ஏறத்தாழ 50. அதன் வரலாறு தெரிந்தால் மூலையில் கிடக்கும் பெட்டிகளை வேறு கண்ணால் பார்ப்போம் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

லினக்ஸ் உள்ள கணினியில் டெர்மினல் என்ற எழுத்துத் திரையைத் திறந்து, யு, என், ஏ, எம், இ என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்தினால், "லினக்ஸ்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். பின்னால் ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடும் ஏ என்ற எழுத்தும் சேர்த்துக் கேட்டால் முழு விபரமும் ஒரே வரியில் வரும். அந்த வரியில் முக்கியமாக ஐந்து செய்திகள் உண்டு: இயங்கும் முறைமையின் பெயர், வலையமைப்பில் இந்தக் கணினிக்கு வைத்த பெயர், எத்தனையாவது வெளியீடு, அது எப்போது கட்டப்பட்டது, இயந்திரம் என்ன வகை. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டதும் ஆள் பதில் சொல்வது மாதிரித்தான்.

இப்படி ஒரு கேள்வி ஏன் தேவைப்பட்டது?

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸை எழுதத் தொடங்கியபோது இந்தக் கட்டளை இல்லை. தேவையும் இல்லை. யுனிக்ஸ் ஓடியது பிடிபி-7 என்ற ஒரு இயந்திரத்தில். லயத்தில் ஒரே ஒரு காம்பரா என்றால் கதவுக்கு இலக்கம் எதற்கு? பிறகு பிடிபி-11 என்ற பெரிய இயந்திரத்துக்கு மாறினார்கள். 1973இல் யுனிக்ஸின் மையத்தை சி என்ற கணினி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதுவரை இயங்குமுறைமை என்பது பெரும்பாலும் ஒரு இயந்திரத்துக்கென்று, அந்த இயந்திரத்தின் சொந்த மொழியில் எழுதப்படுவது. சி மொழியில் எழுதியதால் அது இயந்திரத்துக்கு இயந்திரம் இடம்பெயரக் கூடியதாயிற்று.

அதே காலத்தில் பெல் ஆய்வுகூடத்தில் "புரோகிராமர்ஸ் வேர்க்பெஞ்ச்" என்ற பிரிவு தொடங்கியது. ஐபிஎம், யுனிவாக் போன்ற பெரிய இயந்திரங்களுக்கு நிரல் எழுதுபவர்கள், எழுதுகிற வேலையை யுனிக்ஸில் செய்து முடித்துவிட்டு அங்கே அனுப்புவார்கள். அதற்காக ஒன்றல்ல, பல யுனிக்ஸ் இயந்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. நீங்கள் இப்போது எந்த இயந்திரத்தில் இருக்கிறீர்கள் என்பது முதல் தடவையாக ஒரு உண்மையான கேள்வியாயிற்று. அந்தப் பிரிவு 1977இல் வெளியிட்ட யுனிக்ஸில்தான் யூநேம் தோன்றியது.

அந்த நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 1977இல் அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர், யுனிக்ஸை இன்டர்டேட்டா 7/32 என்ற வேறு நிறுவனத்து இயந்திரத்துக்குக் கொண்டு போனார். பெல் ஆய்வுகூடத்தில் ரிச்சியும் ஸ்டீவ் ஜோன்சனும் இன்டர்டேட்டா 8/32க்குக் கொண்டு போனார்கள். அதன் பிறகு "யுனிக்ஸ்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த இயந்திரத்து யுனிக்ஸ் என்றும் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் இந்தப் பெயர்களுக்கு இடம் மிகச் சிக்கனம். 1980களின் தொடக்கத்தில் வந்த சிஸ்டம் 3 யுனிக்ஸில் ஒவ்வொரு பெயரும் எட்டு ஆங்கில எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் பதுளைக்கு ஏழு எழுத்து, பசறைக்கும் ஏழு, லுணுகலைக்குச் சரியாக எட்டு. மடுல்சீமைக்கு ஒன்பது. அன்று ஒரு கணினிக்கு எங்கள் ஊரின் பெயரை முழுதாக வைத்திருக்க முடியாது, கடைசி எழுத்தை வெட்டியிருப்பார்கள்! படிவத்தில் கட்டம் போதாமல் பிள்ளைகளின் பெயரைப் பாதியில் நிறுத்திய அனுபவம் எங்கள் சமூகங்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. இன்றைய லினக்ஸில் 64 எழுத்து வரை இடம் இருக்கிறது. 1988இல் பொசிக்ஸ் என்ற பொது நியமம் வந்தபோது மேலே சொன்ன ஐந்து செய்திகளும் எல்லா யுனிக்ஸ் வகைகளுக்கும் பொதுவாயின.

இனி இலவச மென்பொருளின் காலம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனு திட்டத்தை அறிவித்தார். யாரும் பாவிக்கலாம், திருத்தலாம், பங்கிடலாம் என்ற அடிப்படையில் யுனிக்ஸின் ஒவ்வொரு கருவியையும் புதிதாக எழுதுவதே நோக்கம். அதில் யூநேமை எழுதியவர் டேவிட் மெக்கென்ஸி. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற மையத்தைத் தந்தார். குனு கருவிகளும் லினக்ஸ் மையமும் சேர்ந்ததுதான் இன்று பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கும் லினக்ஸ். அதை "குனு/லினக்ஸ்" என்று சொல்ல வேண்டும் என்பது ஸ்டோல்மனின் நிலைப்பாடு. அந்த வாதம் இன்னும் முடியவில்லை. யூநேமிடம் சும்மா கேட்டால் "லினக்ஸ்" என்கிறது. சிறு கோடும் ஓ என்ற எழுத்தும் சேர்த்துக் கேட்டால் "குனு/லினக்ஸ்" என்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்துவிட்டது.

அந்தக் காலத்தில் இலவச மென்பொருள் பெரும்பாலும் மூல நிரலாகவே கைக்கு வரும். அதை உங்கள் கணினியில்தான் கட்டி எடுக்க வேண்டும். எந்த வகைக் கணினி என்று தெரியாமல் கட்ட முடியாது. 1990களின் தொடக்கத்தில் இதற்கு "கொன்ஃபிக் கெஸ்" என்று ஒரு சிறு நிரல் வந்தது. அது முதலில் யூநேமிடம் கேட்கும். கிடைத்த பதிலை வைத்து, தேவையானால் இன்னும் சில சோதனைகள் செய்து, செயலி, தயாரிப்பாளர், இயங்குமுறைமை என்று மூன்று பகுதிப் பெயர் ஒன்றைச் சொல்லும். "கெஸ்" என்றால் ஊகம். ஒரு பதிலோடு நிற்காமல் சரிபார்த்துக்கொண்ட பிறகும், தான் சொல்வது ஊகம் என்று பெயரிலேயே ஒத்துக்கொள்கிறது.

ஏனென்றால் யூநேம் சொல்வது எப்போதும் முழு உண்மை அல்ல. 2011இல் லினக்ஸ் மையத்தின் இலக்கம் 2.6 வரிசையிலிருந்து 3.0க்கு மாறியது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை, இலக்கம் மட்டும்தான். ஆனால் சில பழைய நிரல்கள் பெயரில் "2.6" இல்லை என்றதும் வேலை செய்ய மறுத்தன. அவற்றுக்காகவே, கேட்டால் "நான் 2.6.40" என்று பதில் சொல்லும் வசதியை மையத்தில் சேர்க்க வேண்டி வந்தது. உள்ளே இருப்பது ஒன்று, பதிவில் சொல்வது வேறொன்று. ஆளைப் பார்க்காமல் பதிவை மட்டும் பார்க்கிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு.

இப்போது எங்கள் மூலையில் கிடக்கும் பெட்டிகளுக்கு வருவோம். பதிவுக்கும் உண்மைக்கும் உள்ள இந்த இடைவெளிதான் அங்கேயும் பிரச்சினை.

இன்டெல் 1978இல் 8086 என்ற செயலியை வெளியிட்டது. பிறகு 1985இல் 386, 1989இல் 486, 1993இல் பென்டியம், 1995இல் பென்டியம் புரோ. இந்தக் குடும்பத்தில் ஆறாவது தலைமுறை பென்டியம் புரோ என்பதால் அதன் வகைப் பெயர் ஐ686. 386 முதல் இவை எல்லாம் 32-பிட் செயலிகள். அப்படியான செயலி சாதாரணமாக 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் முகவரி போட முடியாது. 2003இல் ஏஎம்டி நிறுவனம் இதே குடும்பத்தை 64-பிட்டுக்கு விரித்தது. 2004இல் இன்டெலும் அதே வழியில் வந்தது. 2006இல் வந்த கோர் 2 டுவோ செயலிகள் எல்லாமே 64-பிட். அதற்கு அடுத்த வருடம் மேசைக் கணினிகளுக்கு வந்த, விலை குறைந்த பென்டியம் டுவல் கோரும் 64-பிட்தான். இந்த வகைக்கு லினக்ஸில் பெயர் எக்ஸ்86_64.

ஆனால் 2008, 2010இல் கடையில் கணினி வாங்கினால் உள்ளே என்ன போட்டுத் தந்தார்கள்? பெரும்பாலும் 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி, அல்லது 32-பிட் விண்டோஸ் 7. நினைவகம் 1 அல்லது 2 ஜிபி, ஆகவே 64-பிட் தேவையில்லை என்று நினைத்தார்கள். பிரின்டருக்கு டிரைவர் கிடைப்பதும் 32-பிட்டுக்குத்தான் லேசு. இப்படி 64-பிட் செயலியைக் கொண்ட எத்தனையோ பெட்டிகள் பிறந்த நாளிலிருந்து 32-பிட் பெட்டியாகவே வாழ்ந்துவிட்டன.

இதற்குத் தோட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்தும் நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர்தான் விழும். புத்தகத்தைப் பார்க்கிறவருக்கு அந்த ஆள் அரை நாள் ஆள்தான். மழையா, கொழுந்து முற்றிய மலையா என்று புத்தகம் சொல்லாது. இந்தப் பெட்டிகளும் அப்படித்தான். முழுப்பேருக்கு வேலை செய்யக் கூடியவை, அரைப்பேரில் பதியப்பட்டுவிட்டன.

இந்த இடத்தில் யூநேமும் எங்களை ஏமாற்றும். 64-பிட் செயலி உள்ள பெட்டியில் 32-பிட் லினக்ஸைப் போட்டு, சிறு கோடும் எம் என்ற எழுத்தும் சேர்த்துக் கேட்டால், "ஐ686" என்றுதான் பதில் வரும். 2010இல் செய்த பெட்டி 1995இன் குடும்பப் பெயரைச் சொல்லும். பொய் சொல்கிறது என்று அர்த்தம் இல்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் முறைமை எதுவோ அதன் பதிலைச் சொல்கிறது. அவ்வளவுதான். எம்முக்குப் பதில் பி என்ற எழுத்தைப் போட்டுச் செயலியின் வகையைக் கேட்டால் பல லினக்ஸ் கணினிகளில் "அன்னோன்", அதாவது "தெரியாது" என்று வரும். வகுப்பில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிற எங்களுக்கு அந்தப் பதில் மிகவும் பிடிக்கும்!

ஆகவே இரண்டாவது கேள்வி ஒன்றும் வேண்டும். அதற்கான கட்டளை "எல்எஸ்-சிபியு". இடையில் கோடு இல்லாமல் எல், எஸ், சி, பி, யு என்று தட்ட வேண்டும். அது செயலியைப் பற்றிச் சொல்லும். அதில் "32-பிட், 64-பிட்" என்று இரண்டும் இருந்தால் அந்தப் பெட்டி முழுப்பேருக்கு உரியது.

ஏன் இது இப்போது அவசரம்? 32-பிட் உலகம் மூடிக்கொண்டு வருகிறது. லினக்ஸ் எந்த 386 செயலியில் பிறந்ததோ அந்தச் செயலிக்கான ஆதரவையே 2013இல் லினக்ஸ் கைவிட்டது. உபுண்டு 2017 ஒக்டோபரோடு 32-பிட் டெஸ்க்டொப் வட்டை நிறுத்தியது. ஃபெடோரா 2019இல் நிறுத்தியது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32-பிட் கணினிக்கு நிறுவும் வட்டு இல்லை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14இலும் முடிந்தன. 32-பிட் என்று தவறாகப் பதியப்பட்ட பெட்டிக்கு எல்லாக் கதவும் அடைபட்ட மாதிரித் தெரியும். உண்மையில் அது 64-பிட் என்றால் இன்றைய லினக்ஸ் அதில் ஏறும்.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் அல்ல. எங்கள் நாட்டிலேயே தனிஷ்க நவின் முன்னின்று உருவாக்கிய ஹந்தான லினக்ஸ் இருந்தது. கண்டிக்குப் பக்கத்து ஹந்தான மலையின் பெயர் அதற்கு. ஃபெடோராவை அடிப்படையாக வைத்து, இணைய வசதி இல்லாத பாடசாலையும் பாவிக்கக் கூடியதாக, கல்வி மென்பொருள்களை ஒரே டிவிடியில் அடுக்கித் தந்தார்கள். மலைநாட்டுப் பாடசாலையின் தேவை என்ன என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. இந்தியாவில் கேரள அரசு தன் பாடசாலைகளில் இலவச மென்பொருளைப் பாடத்தோடு சேர்த்தே கொண்டு போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பொஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆகவே பாடசாலைக்கு லினக்ஸ் என்பது புதுமையும் அல்ல, கஞ்சத்தனமும் அல்ல.

சரி, என்ன செய்யலாம்? நாங்கள் முன்வைக்கும் வழி இது.

ஒன்று. அதிபரின் அனுமதி இல்லாமல் எந்தப் பெட்டியையும் தொட வேண்டாம். அரச பொருள். உள்ளே பழைய புள்ளிப் பட்டியல், பிள்ளைகளின் விபரம் இருக்கலாம். முதலில் அவற்றைப் பிரதி எடுங்கள்.

இரண்டு. விண்டோஸ் 10 ஓடும் பெட்டி என்றால் செட்டிங்ஸில் "எபவுட்" பகுதியைத் திறந்து "சிஸ்டம் டைப்" என்ற வரியை வாசியுங்கள். "32-பிட் ஒபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64-பேஸ்ட் புரொசெசர்" என்று இருந்தால் அதுதான் அரைப்பேர் போட்ட பெட்டி.

மூன்று. விண்டோஸ் பழசு, அல்லது ஓடவே இல்லை என்றால், 64-பிட் லினக்ஸ் லைவ் வட்டு ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து இயக்கிப் பாருங்கள். நிறுவத் தேவையில்லை, உள்ளே இருப்பது அழியாது. 64-பிட் செயலி என்றால் அது ஏறும். 32-பிட் செயலி என்றால், இதற்கு எக்ஸ்86-64 செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லி நின்றுவிடும். அந்த மறுப்பும் ஒரு பதில்தான்.

நான்கு. கிடைத்த பதிலை இன்வென்டரிப் புத்தகத்தில் கணினியின் இலக்கத்துக்கு நேரே எழுதுங்கள்: செயலி எத்தனை பிட், நினைவகம் எவ்வளவு, ஹாட் டிஸ்க் நல்லதா. "பழசு" என்ற ஒரு சொல்லுக்குப் பதில் மூன்று விபரம். அடுத்து வரும் ஆசிரியருக்கு அது பெரிய உதவி.

பெரிய ஆசை காட்டவும் நாங்கள் விரும்பவில்லை. 1 ஜிபி நினைவகத்தில் இன்றைய இணையத்தளங்கள் இழுபடும். மதர்போட் எரிந்த பெட்டியை எந்தக் கட்டளையும் எழுப்பாது. ஆனால் 2 ஜிபி உள்ள 64-பிட் பெட்டி ஒன்று, பாரம் குறைந்த லினக்ஸோடு, தமிழில் தட்டெழுதவும், கணக்குத் தாள் பழகவும், உயர் தர மாணவர் பைதன் எழுதிப் பார்க்கவும் போதும். உண்மையிலேயே 32-பிட் என்று தெரிய வந்தவற்றுக்கு, 32-பிட் நிறுவும் வட்டோடு வந்த கடைசி டெபியனான 2023இன் டெபியன் 12 இருக்கிறது. தட்டெழுதப் பழகுவதற்காவது உதவும்.

கணினியே இல்லாத பாடசாலையில்கூட இந்தப் பாடத்தை நடத்தலாம். அன்ட்ரொயிட் போனின் அடியில் இருப்பது லினக்ஸ் மையம்தான். டேர்மக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டு யூநேம் என்று தட்டினால் போனும் "லினக்ஸ்" என்று பதில் சொல்லும். எம் சேர்த்துக் கேட்டால் 64-பிட் போன் "ஏஆர்ச்64" என்று சொல்லும். உம்மாவின் போனிலோ அம்மாவின் போனிலோ ஒரு பிள்ளை இதைச் செய்து பார்த்தால், பாடப்புத்தகத்தின் ஒரு அத்தியாயம் கைக்குள் வந்துவிடும்.

பழைய மாணவர்களே, ஊருக்கு வரும்போது கேக், பிஸ்கட்டோடு ஒரு 64-பிட் லினக்ஸ் பென் டிரைவும் கொண்டு வாருங்கள். அதிபரைச் சந்தித்து அரை நாள் ஒதுக்கினால் ஒரு அறைப் பெட்டிகள் முழுவதையும் சோதித்து முடிக்கலாம். உங்கள் பாடசாலையில் எத்தனை பெட்டி இருக்கிறது, எத்தனை 64-பிட் என்று தெரிய வந்தால் கீழே எழுதுங்கள். எந்தப் பாடசாலைக்கு எந்த நாளில் போகலாம் என்று இன்ஷா அல்லாஹ் நாங்கள் ஒரு அட்டவணை போடுகிறோம். பொருட்கள் எண்ணும் நாளுக்கு முன் முடிக்க வேண்டும்.